சுவருக்குச் சாட்சி

வீடு வாங்குவதற்கு முன்னும், பேங்கில் வீட்டுக் கடன் கேட்கும்போதும், மத்ரஸாவுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ உரிமம் பெறும்போதும் ஒருவர் வந்து கட்டடத்தைப் பார்த்துப் போகிறார். கையில் டேப்பும் டார்ச்சும் சிறு சுத்தியலும் இருக்கும். நிலம் அளக்கும் சர்வேயர் அல்லர் இவர். கட்டடத்தின் நிலையையும் மதிப்பையும் எழுதித் தருகிற மதிப்பீட்டாளர். அவருக்குத் தேநீர் கொடுத்து உபசரிக்கிறோம். போகும்போது, "நல்லபடியா எழுதிக் கொடுங்க" என்று ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்புகிறோம்.

அந்த ஒரு வார்த்தையைப் பற்றியே இந்தக் கட்டுரை. இவர் எழுதித் தருவது வெறும் காகிதமன்று; அது ஒரு சாட்சியம். தன்னால் பேச முடியாத சுவருக்காக அவர் சாட்சி சொல்கிறார். சாட்சியம் நம் மார்க்கத்தில் எத்தகைய அமானிதம் என்பதை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. தனக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமானாலும் நீதியின் பக்கம் நின்று சாட்சி சொல்லும்படி திருமறை நமக்குக் கட்டளையிடுகிறது.

ஒரு மஸ்அலாவாக இதைப் பார்ப்போம். பெரம்பலூர் மாவட்டத்து லெப்பைக்குடிக்காட்டிலோ வி.களத்தூரிலோ உள்ள ஒரு பழைய மெத்தை வீடு விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்க நினைப்பவர் துபாயில் வேலை பார்க்கும் பிள்ளை. விற்பவர் அவருக்குத் தாய்மாமா முறை. வீட்டைப் பார்க்க ஒரு பொறியாளரை அனுப்புகிறார்கள். மாமா அவரைத் தனியே அழைத்து, "தம்பி, பின்கட்டு உத்திரத்தில கொஞ்சம் கரையான் இருக்கு. அதையெல்லாம் எழுதிப் பெரிசாக்க வேணாம். சொந்தத்துக்குள்ள நடக்கிற வியாபாரம், நாங்க பேசிக்குவோம்" என்கிறார். பொறியாளர் என்ன செய்வது? எழுதினால் ஒரு முஃமினின் பொருளைக் குறை சொன்னதாகுமா? எழுதாமல் விட்டால் உறவைக் காத்த நன்மை கிட்டுமா?

இதற்கு நபித்தோழர் வாஸிலா இப்னு அஸ்கஃ (ரலி) அவர்களின் நிகழ்ச்சியில் தெளிவான வழி இருக்கிறது. ஒருவர் தம் ஒட்டகத்தை முந்நூறு திர்ஹத்துக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் அதை ஓட்டிக்கொண்டு புறப்பட்டார். அங்கிருந்த வாஸிலா (ரலி) அவர்கள் கவனம் வந்தவுடன் அவர் பின்னால் விரைந்து சென்று, இதை இறைச்சிக்கு வாங்கினீரா, சவாரிக்கு வாங்கினீரா என்று வினவினார்கள். சவாரிக்கு என்றதும், அதன் குளம்பில் துளை இருக்கிறது, தொடர்ந்த பயணத்தைத் தாங்காது என்று அறிவித்துவிட்டார்கள். விற்றவர் நூறு திர்ஹம் குறைக்க நேர்ந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் வருந்தினார். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களிடம் நாங்கள் வாக்களித்திருக்கிறோம் என்பதே வாஸிலா (ரலி) அவர்களின் பதிலாயிற்று.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. வாஸிலா (ரலி) அவர்கள் விற்றவருமல்லர், வாங்கியவருமல்லர். இன்றைய மதிப்பீட்டாளரைப் போல மூன்றாம் மனிதர். ஆயினும் கண்ட குறையைச் சொல்லும் பொறுப்பு தமக்கு உண்டென்று கருதினார்கள். அடுத்தது, குறையைச் சொல்வதற்கு முன் எதற்காக வாங்குகிறீர் என்று கேட்டார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வாங்குகிறவருக்கு உத்திரத்துக் கரையான் ஒரு பொருட்டன்று. அதே உத்திரத்தின் கீழ் குழந்தைகளைப் படுக்க வைக்கப் போகிறவருக்கு அதுவே முதற்செய்தி. ஆகவே பொறியாளர் எழுதத்தான் வேண்டும். அதைக் கூட்டியும் எழுதக்கூடாது, குறைத்தும் எழுதக்கூடாது. விலையைப் பிறகு மாமாவும் மருமகனும் பேசிக்கொள்ளட்டும்.

கண்டதை மறைப்பது தவறு என்பதை எவரும் ஒப்புவர். காணாததைக் கண்டதாக எழுதுவதுதான் நம்மையறியாமல் நுழையும் தவறு. நானும் அதற்கு ஆளானவன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். மாடிக்கு உள்படி இல்லை, ஏணியும் கிடைக்கவில்லை. லுஹருக்கு நேரமாகிவிட்டது. கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, மேல்தளமும் சன்ஷேடுகளும் நல்ல நிலையில் உள்ளன என்று எழுதிக் கொடுத்தேன். ஐப்பசி மழையில் பின்பக்கச் சன்ஷேடு ஒன்று பெயர்ந்து விழுந்தது. சற்று முன்வரை அதன் கீழே அந்த வீட்டு அம்மா துணி துவைத்துக் கொண்டிருந்தாராம். அல்லாஹ் காப்பாற்றினான். என்னை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் மறுமையில் அந்தக் காகிதம் என் கையில் கொடுக்கப்பட்டால் நான் என்ன சொல்வேன்? நான் பொய் சொல்ல நினைக்கவில்லை. நல்ல நிலை என்று எழுதியபோது அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன். நம்பிக்கை வேறு, சாட்சி வேறு என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கண்டபோது மேலே பார்த்ததோடு நின்றுவிடவில்லை. உள்ளே கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. நனைந்த தானியத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காமல் மறைத்ததற்காக வியாபாரியைக் கண்டித்தார்கள். கட்டடம் பார்ப்பவருக்கும் பாடம் அதுவே. புதுச் சுண்ணாம்பு மேற்குவியல். ஈரம் உள்ளே இருக்கும்.

நம் வட்டாரத்தில் கையை எங்கே விட வேண்டும்? பெரம்பலூர், குன்னம் பக்கம் கரிசல் மண். மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும். கடைக்கால் ஆழமில்லாத வீடுகளில் ஜன்னல் மூலையிலிருந்து வெடிப்பு சாய்வாக ஏறும். பூச்சில் மட்டும் ஓடும் நூல் வெடிப்பு வேறு. சுவரைப் பிளந்து மறுபக்கமும் தெரிகிற வெடிப்பு வேறு. இது பழையதா, வளர்கிறதா என்ற ஐயம் வந்தால், குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டித் தேதி எழுதி வைப்பார்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். அரியலூரில் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துச் சிமெண்ட் ஆலைகள் நடக்கின்றன. ஆனால் சிமெண்ட் விளைகிற ஊர் என்பதால் கான்கிரீட்டில் கம்பி துருப்பிடிக்காமல் இருந்துவிடாது. பழுப்புக் கறை தெரியும் இடத்தில் சுத்தியலால் மெல்லத் தட்டினால், பொத்தலாக ஒலிக்கும் பகுதி விழக் காத்திருக்கும் பகுதி. மெத்தை வீட்டு உத்திரம் சுவருக்குள் நுழைகிற முனையில்தான் முதலில் உளுக்கும். அங்கே கூரிய முனையால் குத்திப் பார்க்க வேண்டும். சாய்வைக் கண்ணால் நிதானிக்காமல் தூக்குக் குண்டு விட்டுப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் எழும். முழுமையாகப் பார்க்க வேண்டுமென்றால் ஏற வேண்டும், இறங்க வேண்டும். உயிரோ அல்லாஹ் தந்த அமானிதம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் கால் வைத்தால் உடைந்து விழுவோம். மூடிக் கிடந்த செப்டிக் டேங்கில் தலையை நுழைத்தால் விஷ வாயுவால் ஒரு நொடியில் மயங்கிவிடுவோம். மொட்டை மாடியை ஒட்டி மின்கம்பி போகும். உளுத்த படி முறியும். வீட்டில் பிள்ளைகளை விட்டு வந்த மனிதர், கடமை என்று சொல்லி இவற்றில் விழ மார்க்கம் இடம் தராது. அப்படியானால் முழுமை என்னாவது?

பார்க்க முடியாததைப் பார்க்கவில்லை என்று எழுதிவிட்டால் இரண்டு கடமைகளும் மோதுவதில்லை. "கூரை பலமின்றி இருந்ததால் மேலேறவில்லை, மேல்தளம் பார்க்கப்படவில்லை, ஏற்பாடு செய்து தனியே சோதிக்க வேண்டும்" என்று மூன்று வாக்கியம் போதும். உயிரும் காக்கப்படுகிறது, சாட்சியும் காக்கப்படுகிறது. முழுமையான ஆய்வு என்பது எல்லாவற்றையும் பார்த்துவிடுவதன்று; எது பார்க்கப்பட்டது, எது பார்க்கப்படவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்வதே. உயிருக்குப் பயந்து ஏறாதவர் குற்றவாளியல்லர். ஏறாமல் ஏறியதாக எழுதுகிறவரே குற்றவாளி.

சொல்லிவிட்டால் பொறுப்பு தீர்ந்ததா? நம் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் ஹனஃபி நூலான ஹிதாயாவில் சாய்ந்த சுவரைப் பற்றித் தனிப் பகுதியே இருக்கிறது. தொடக்கத்திலேயே பாதையின் பக்கம் சாய்த்துக் கட்டப்பட்ட சுவர் விழுந்து சேதம் விளைந்தால், யாரும் எச்சரிக்காவிட்டாலும் கட்டியவர் பொறுப்பாளி. நேராகக் கட்டப்பட்டுப் பின்னர் சாய்ந்த சுவரானால், பாதையில் நடக்கும் ஒருவர் அதை இடிக்கும்படி உரிமையாளரிடம் கேட்டு, இடிப்பதற்கான அவகாசம் இருந்தும் அவர் இடிக்காவிட்டால், இழப்பு அவர் பொறுப்பு. இடிக்க அதிகாரமில்லாத குடித்தனக்காரரிடம் சொல்வது போதாது. ஆக, எச்சரிக்கைதான் பொறுப்பைக் கைமாற்றுகிறது. சொல்லும் வரை அந்தச் சுவரின் பாரம் கண்டவருடைய மனச்சாட்சியின் மீதும் இருக்கிறது. உரியவரிடம் சொன்னபின் அது உரிமையாளர் தோளுக்குப் போகிறது.

இது ஏட்டுச் சட்டம் மட்டுமன்று. 2019 டிசம்பர் 2 அன்று, மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் விடியுமுன் பெருமழையில் ஓர் உயர்ந்த சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகளின் மேல் விழுந்து, தூங்கிக் கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். அந்தச் சுவரால் ஆபத்து என்று முன்னரே முறையிட்டிருந்ததாக அங்கிருந்தோர் கூறினர். எச்சரித்த குரல் இருந்தும் கேட்கும் காது இல்லையென்றால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் அரியலூருக்கும் இத்தகைய துயர வரலாறு உண்டு. 1956 நவம்பர் 23 அன்று, வெள்ளத்தால் நிலைகுலைந்திருந்த மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வந்து ஆற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அந்தப் பாலத்தின் அடியில் நின்று பார்க்க வேண்டியவர் அவரல்லர். இருந்தும் தமக்கும் அதில் பங்குண்டு என்றார். அவருடைய நேர்மையை நாடு இன்றும் போற்றுகிறது. ஆனால் விபத்துக்குப் பின் வரும் நேர்மை இறந்தவரைத் திருப்பித் தருவதில்லை. விபத்துக்கு முன் தேவைப்படும் நேர்மை மிகச் சிறியது: ஒருவர் போய்ப் பார்ப்பது, பார்த்ததை எழுதுவது, எழுதியதை ஒருவர் படிப்பது.

அருமைச் சகோதரர்களே, தாய்மார்களே! இந்தப் பொறுப்பில் நமக்கும் பங்குண்டு. "நல்லபடியா எழுதுங்க" என்று இனிக் கேட்காதிருப்போம். "உள்ளபடி எழுதுங்க" என்று கேட்போம். அவர் வரும் நாளில் பரண் சாமான்களை நகர்த்தி வைப்போம். உறுதியான ஏணி ஒன்று கொடுத்து, அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆளையும் நிறுத்துவோம். சரியான கூலியைக் கொடுப்போம். குறைந்த கூலிக்கு அவசரச் சான்றே கிடைக்கும். பள்ளிவாசல் மினாராவும் கைப்பிடிச் சுவரும், பிள்ளைகள் ஓதும் மத்ரஸாவின் கூரையும் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டன என்று ஜமாஅத்தில் ஒரு முறை கேட்போம். குறை எழுதி வந்தால் எழுதியவர் மீது கோபப்படாமல், அந்தக் காகிதத்தை எச்சரிக்கையாக ஏற்போம். அது நம் கைக்கு வந்த நாள் முதல் பொறுப்பு நம்முடையது.

கண்டதைக் கண்டபடி சொல்லும் துணிவையும், காணாததைக் காணவில்லை என்று ஒப்பும் பணிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.