இசையில் சோகம் எங்கே இருக்கின்றது?

நீலாம்பரி தாலாட்டுக்கு உரியது, முகாரி சோகத்துக்கு உரியது என்று எம்மவர் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். ஒருவர் முகாரி பாடுகிறார் என்றால், சங்கீதம் தெரியாதவருக்கும் பொருள் விளங்கும். ஆயின் அந்தச் சோகம் சுரங்களில் இருக்கின்றதா, அன்றிக் கேட்பவரின் பழக்கத்தில் இருக்கின்றதா என்பது இலகுவில் விடை கூறத்தக்க வினாவன்று.

சுரத்தில் ஒன்றுமே இல்லை என்றும் கூறிவிட முடியாது. துயருற்றவரின் பேச்சு மெதுவாகும். குரல் தாழ்ந்து நடுங்கும். விளம்ப காலத்திலே கமகத்தோடு இறங்கிவரும் இராகம் அந்த அழுகுரலை ஒத்திருப்பதால் மனம் இளகுகின்றது. காவடிச்சிந்துக்குக் கால் தானாகவே தாளம் போடும். எனினும், சபரி பெற்ற பேற்றை வியந்து தியாகராஜ சுவாமிகள் பாடிய கீர்த்தனை முகாரியில்தான் அமைந்துள்ளது. அங்கே உருக்கம் உண்டு, துக்கம் இல்லை.

இவ்வினாவுக்கு விடை தேடுவோர் பறைமேளத்தையும் கேட்க வேண்டும். தொல்காப்பியம் நிலங்களின் கருப்பொருள்களுள் யாழோடு பறையையும் வைத்தது. மணப்பறையாக ஒலித்ததே அன்றைய தினமே பிணப்பறையாகவும் ஆகும் என்று நாலடியாரிலே ஒரு செய்யுள் உண்டு. அப்படியாயின் ஒரே கருவி இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்திருக்கின்றது. யாழ்ப்பாணத்திலோ மணவீட்டுக்கு நாதஸ்வரமும் தவிலும், சாவீட்டுக்குப் பறை என்று பெரும்பாலும் வகுத்துவிட்டனர். மட்டக்களப்பில் அம்மன் கோயிற் சடங்கிலும் பறை ஒலிக்கும். பறைமேளக் கூத்து என்றே ஓர் ஆடல் அங்குண்டு. இத்தனைக்கும் சாவீட்டுப் பறையின் நடை மெதுவானதன்று. இவ்வழக்கம் அறியாத ஒருவர் தூரத்தில் நின்று கேட்டால் திருவிழா என்றே எண்ணுவார். எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் நெஞ்சு திடுக்கிட்டது.

ஒலியை அமங்கலம் என்றவர்கள் அத்தோடு நின்றார்களில்லை. அடித்தவரையும் அமங்கலமாக்கினர். சாவுக்கு ஆள் அனுப்பி அழைக்கப்பட்டவர் கல்யாணப் பந்தலுக்குள் வரவில்லை, கோயில் வாசலையும் தாண்டவில்லை. 1957ஆம் ஆண்டு சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. காகிதத்தில் எழுதியது காதில் ஏறுவதற்குக் காலம் எடுக்கும் போலும்! இனிப் பறை அடிப்பதில்லை என்று பலர் அதனைக் கைவிட்டனர். அரியதொரு கலை அழிகிறதே என்று அவர்களைக் குறைகூறுவது நியாயமன்று. அந்த ஒலியிலே அவர்கள் கேட்டது சோகமுமன்று, கலையுமன்று. தம் தகப்பன்மார் பட்ட அவமானம்.

இன்று பல்கலைக்கழக மாணவரும் மேடையேறிப் பறை முழக்குகின்றனர். சபையோர் கைதட்டுகின்றனர். ஆயினும் முதல் அடி விழுந்தவுடன், முன்வரிசையில் இருக்கும் முதியவர் சிலர் யார் வீட்டிலோ என்பதுபோல ஒரு கணம் வாசற்பக்கம் திரும்பிப் பார்ப்பர். அருகிலிருக்கும் பேரப்பிள்ளைகள் திரும்புவதில்லை.