நீதி தன் தவறை ஒப்புக்கொள்ளலாமா?

கொலைக் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டவன் மேன்முறையீடு செய்கிறான் என்றால் நம்மில் பலர் முகஞ் சுழிப்பதுண்டு. "மாண்டவனுக்கு அப்பீல் உண்டா?" என்று கேட்போரும் உளர். இது தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. வழக்குக்கு ஒரு முடிவு வேண்டும். தீர்ப்பு நிலைக்காவிடில் சட்டத்துக்கு மதிப்பேது?

எனினும் ஒரு வழக்கைக் கவனிப்போம். 1974 நவம்பர் 21ஆம் திகதி இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் இரு மதுச்சாலைகளில் குண்டுகள் வெடித்து 21 பேர் மாண்டனர். அயர்லாந்தவர் அறுவர் 1975இல் ஆயுட் தண்டனை பெற்றனர். பொலிஸார் தம்மை அடித்தே வாக்குமூலம் பெற்றனர் என அவர்கள் முறையிட்டனர். 1976இல் மேன்முறையீடு மறுக்கப்பட்டது. பொலிஸாருக்கு எதிராக அவர்கள் தொடுத்த வழக்கையும் 1980இல் டெனிங் பிரபு தடுத்தார். அவர் கூறிய காரணம் யாது? இவர்கள் வென்றால், பொலிஸார் வன்முறை செய்து பொய்ச்சாட்சியும் சொன்னார்கள் என்றாகிவிடும். அத்தகைய பயங்கரத்துக்கு இடமளிக்கலாகாது என்பதே!

"இது உண்மையா?" என்று கேட்கவேண்டிய இடத்தில், "இது உண்மையானால் நமது நிலை என்ன?" என்று கேட்கப்பட்டது. நீதியின் மானத்தைக் காக்கப்போய் நீதியே கைவிடப்பட்டது.

1988இலும் தோல்வியே. பொலிஸாரின் விசாரணைக் குறிப்புகள் நம்பத்தகாதவை என்பது விஞ்ஞானப் பரிசோதனையால் வெளிப்பட்ட பின்னரே, 1991 மார்ச் 14ஆம் திகதி தீர்ப்பு நீக்கப்பட்டது. அதற்குள் 16 ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்நாட்டில் கொலைக்கான மரண தண்டனை 1965இல் நிறுத்தப்பட்டிராவிடில், விடுதலை பெற அவர்கள் உயிரோடு இருந்திருப்பார்களா?

மேன்முறையீடு செய்வோர் யாவரும் நிரபராதிகள் அல்லர். மாண்டோரின் குடும்பங்களின் கண்ணீரும் பெரிதே. ஆனால் தவறான ஆளைத் தண்டிப்பது அக்கண்ணீரைத் துடைக்காது. உண்மைக் கொலையாளியைத் தேடும் கதவையே அது அடைத்துவிடும்.

தானியேல் ஆகமத்தில் சூசன்னாவுக்கு மரணத் தீர்ப்பளித்த சபை, ஓர் இளைஞனின் குரல் கேட்டு நியாயத்தலத்துக்குத் திரும்பிற்று. திரும்பியதால் அது சிறுமைப்பட்டதா? இல்லை, மாசற்ற இரத்தப் பழியினின்று தப்பிற்று.

வாசகர்களே, நீதிமன்றத் தீர்ப்புக்காவது மேன்முறையீடு உண்டு. நம் வீட்டுத் திண்ணைகளில் அயலவர்மீது நாம் நாளாந்தம் வழங்கும் தீர்ப்புகளுக்கு அது உண்டா?