எனக்கில்லை என்று சொல்வதற்கு முன்

தவறாக நோயாளி எனப்பட்ட பெண், “எனக்கு அந்த நோய் இல்லை” என்று சொல்வது நியாயம்தானே? நியாயம்தான். ஆனால் அந்த நோய் உண்மையிலேயே உள்ள இன்னொருத்தியை அந்தச் சொல் எங்கே விட்டுவிட்டு வருகிறது?

எனக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் தூக்கமின்றிப் படபடத்த எனக்கு ஒரு மருத்துவர் மனச்சிதைவு என்று எழுதினார். மூன்று வருடம் கழித்து, கோளாறு தைராய்டில் என்று வேறொருவர் கண்டுபிடித்தார். மாத்திரை மாறியது, பெயர் மாறவில்லை. ஸ்ரீரங்கத்து வீட்டின் பாகப்பிரிவினையில் நான் கணக்குக் கேட்டபோது, “மாத்திரை போட்டியாம்மா?” என்றார்கள். கணக்கைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது.

நியூசிலாந்து எழுத்தாளர் ஜேனட் ஃப்ரேமுக்கும் மனச்சிதைவு என்றார்கள். பல ஆண்டுகள் மருத்துவமனைகளில் கிடந்தார். மூளை அறுவைக்கும் நாள் குறித்தார்கள். அவருடைய சிறுகதைத் தொகுப்புக்கு விருது கிடைத்ததால் அது நின்றது. அந்த நோய் அவருக்கு இருந்ததே இல்லை என்று 1950களின் இறுதியில் லண்டன் மருத்துவர்கள் சொன்னார்கள். நல்லது. அடுத்த கட்டிலில் கிடந்த, புத்தகம் எழுதாத பெண்ணை எந்த விருது காப்பாற்றும்?

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். அவர்களில் யாருக்கு நோய் சரியாகக் கணிக்கப்பட்டிருந்தது என்று கேட்பதே அபத்தம். சரியாகவே கணித்திருந்தாலும் சங்கிலி சரியாகிவிடுமா?

சட்டம் இதை ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது. மனச்சிதைவு என்ற பெயர் மட்டுமே விவாகரத்துக்குப் போதாது, நோயின் தீவிரத்தைப் பார்க்க வேண்டும் என்று 1988-இல் ராம் நாராயண் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்பு சிகிச்சை பெற்றார் என்பதை மட்டும் வைத்து ஒருவரை இன்று மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். குடும்பங்களுக்குள்தான் இது இன்னும் வந்து சேரவில்லை.

நோய் முற்றிய நாளில் ஒருத்தி சொல்வது நடக்காததாகவும் இருக்கலாம். அதை விசாரித்துத்தான் அறிய வேண்டும். “சோற்றில் விஷம்” என்கிறவளே, “என்னை அடிக்கிறார்” என்றும் சொல்லக்கூடும். முதலாவது பொய்த்ததால் இரண்டாவதும் பொய்யாகிவிடாது.

வகுப்பில் நான் பாடம் நடத்தும் காரைக்கால் அம்மையார் தம்மைப் பேய் என்றார். அரங்கனைப் பாடிய குலசேகரர் தம்மைப் பேயன் என்றார். அதற்காக அவர்கள் பாட்டை யாரும் தள்ளிவைக்கவில்லை. பெயரை அவர்களே சூடிக்கொண்டார்கள் என்பதுதான் வேறுபாடு. சத்திரம் பேருந்து நிலையத்தில் குணசீலம் பேருந்துக்குக் குடும்பத்தார் கைப்பிடித்து ஏற்றுகிற பெண்ணுக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் மற்றவர்கள்.

தவறான கணிப்பைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் நோயில்லை என்று நிரூபித்த பிறகுதான் ஒரு பெண்ணின் பேச்சு செல்லும் என்றால், அந்தச் சலுகை எனக்கு மட்டுமாக வேண்டாம். நோய் இருக்கிறவளின் பேச்சும் செல்ல வேண்டும்.