சொல்லாமல் விடுவது வெட்கமாகுமா?



ஒரு பெண் குழந்தைக்கு முதன்முதலாக ஹைளு ஏற்பட்டதும் மார்க்கத்தின் பார்வையில் அவள் பருவமடைந்தவளாகி விடுகிறாள். தொழுகை, நோன்பு முதலிய கடமைகளுக்கு அன்றிலிருந்து அவளே அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவள். ஆனால் நம் வீடுகள் பலவற்றில் நிலைமை என்ன? இப்படியொன்று வரும் என்று அவளிடம் யாரும் சொல்லியிருப்பதில்லை. ஏதோ கொடிய நோய் வந்துவிட்டது என்று நடுங்குகிறாள். தான் என்னவோ தவறு செய்துவிட்டதாக எண்ணித் துணியை ஒளித்து வைக்கிறாள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று தாயைக் கேட்டால், "இதையெல்லாம் எப்படிப் பேசுவது, வெட்கமாக இருக்காதா?" என்கிறார்.

வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்பதில் ஐயமில்லை. ஆனால், குழந்தையை அறியாமையில் தவிக்க விடும் மௌனத்திற்கு வெட்கம் என்று பெயர் சூட்டலாமா? இதுவே கேள்வி.

ஹிஜ்ரி 7-ல் (கி.பி. 628) நடந்த கைபர் பயணத்தில் கிஃபார் குலத்துப் பெண்ணொருத்தியும் சென்றாள். பெருமானார் (ஸல்) அவர்கள் அவளைத் தம் ஒட்டகத்தின் சேணத்தின் பின்னே ஏற்றிக்கொண்டார்கள். காலையில் இறங்கியபோது சேணத்தில் இரத்தக் கறை இருந்தது. அவளுக்கு அதுவே முதல் ஹைளு. வெட்கத்தால் குறுகி ஒட்டகத்தோடு ஒட்டி நின்றாள். நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்து கொள்ளவில்லை. ஹைளு வந்துவிட்டதோ என்று வினவினார்கள். அவள் ஆம் என்றதும், தன்னைச் சரிசெய்துகொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து உப்பிட்டுக் கறையைக் கழுவிவிட்டு, மீண்டும் வாகனத்தில் ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். பின்னர் கைபரின் பொருள்களிலிருந்தும் அவளுக்குக் கொடுத்தார்கள். அபூதாவூதில் இடம்பெற்ற செய்தி இது. இதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். எனினும் இது காட்டும் பண்பு, ஆதாரப்பூர்வமான பல செய்திகளோடு ஒத்துப்போகிறது.

அந்தப் பெண் வாழ்நாள் முழுதும் ஹைளிலிருந்து தூய்மையாகும் போதெல்லாம் தண்ணீரில் உப்பிட்டு வந்தாளாம். தன் ஜனாஸாவைக் குளிப்பாட்டும் நீரிலும் உப்பிடுமாறு வஸிய்யத் செய்தாளாம். முதல் நாளில் கேட்ட ஒரு கனிவான சொல் கடைசிக் குளிப்பு வரை உடன் வந்தது! அன்று கேட்கும் சுடுசொல்லும் அப்படித்தானே உடன் வரும்?

மதீனத்து அன்சாரிப் பெண்கள் மார்க்கத்தை அறிந்துகொள்ள வெட்கம் தடையாக இருந்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியுள்ளார்கள். ஆயிஷா நாயகிக்கே ஹஜ் பயணத்தில் ஸரிஃப் என்னுமிடத்தில் ஹைளு ஏற்பட்டது. அழுதுகொண்டிருந்த அவர்களிடம், ஆதமின் பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்த ஒன்றே இது என்று நபியவர்கள் ஆறுதல் கூறினார்கள். அவ்வாறிருக்க, தனித் தட்டும் தனிப் பாயும் கொடுத்து மூலையில் உட்கார வைக்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? ஹைளுடைய நாளில் ஆயிஷா நாயகி பருகிய பாத்திரத்தில், அவர்கள் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துப் பருகியவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள்.

இன்னொரு விந்தையையும் பாருங்கள். சில ஊர்களில் மகளிடம் தனியே சொல்ல வெட்கப்படுகிறவர்களே, அவள் பெரிய மனுஷியானதும் ஊரைக் கூட்டி விருந்து வைக்கிறார்கள். அவள் அறிய வேண்டியதை மறைத்தார்கள்; அவள் மறைக்க விரும்பியதைப் பறைசாற்றினார்கள்! இதில் வெட்கம் எங்கே இருக்கிறது?

"முன்கூட்டியே சொன்னால் பிஞ்சு மனம் கெட்டுவிடாதா?" என்று சிலர் கேட்கலாம். தொழுகை கடமையாவது பருவமடைந்த பின்புதான். ஆயினும் ஏழு வயதிலேயே அதை ஏவச் சொல்கிறது மார்க்கம். கடமை வருமுன் கல்வி வர வேண்டும் என்பதே இதன் கருத்து. பருவமடைந்தபின் பிள்ளைகள் மீது கடமையாகப் போகிறவற்றை முன்னதாகவே கற்றுக்கொடுப்பது பெற்றோரின் பொறுப்பு என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் எழுதியுள்ளார்கள்.

கற்பிக்காததன் விளைவு அச்சத்தோடு முடிவதில்லை. ஹைளில் விடுபட்ட தொழுகைக்குக் களா இல்லை, நோன்புக்கு உண்டு. இதை அறியாத பெண், ஆண்டுக்கணக்கில் நோன்புக் கடனைச் சேர்த்து வைத்திருக்கிறாள். அந்தச் சுமையை அவள் தலையில் ஏற்றியவர் யார்?

ஆகவே தாய்மார்களே! மகளுக்கு ஒன்பது வயதாகும்போதே அருகில் அமர்த்தி, இது நோயன்று, இறைவன் வகுத்த இயற்கை என்று சொல்லுங்கள். துணியையும் குளிப்பின் முறையையும் கற்றுக்கொடுங்கள். ஹைளின் அதிக அளவு ஷாஃபிஈ மத்ஹபில் 15 நாட்கள், ஹனஃபி மத்ஹபில் 10 நாட்கள் என்பதைத் தத்தம் மத்ஹபின்படி விளக்குங்கள். தந்தைமார்களே! ரமளானில் எல்லோர் முன்னிலையிலும் "ஏன் நோன்பில்லை?" என்று மகளைக் கேட்காதீர்கள். அங்கேதான் மௌனம் அழகு.

பேச வேண்டிய இடத்தில் பேசவும், காக்க வேண்டிய இடத்தில் நாவைக் காக்கவும் வல்ல அல்லாஹ் நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.