நாலாம் கற்பனையும் நினைவு தவறிய பெற்றோரும்



பெற்ற தாயை முதியோர் இல்லத்தில் விடுவது பாவமா? ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் கலைந்த பின்பு, கோவில் வாசலில் குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் மகளாயிருப்பாள், அல்லது மருமகளாயிருப்பாள். மகன்மார் கேட்பது அபூர்வம். அதன் காரணத்தைப் பின்னால் சொல்லுவோம்.

எந்தத் தாயைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது முதுமை. கண்ணாடி எதற்கு என்பதே தெரியாமற் போவது நோய். மூளையைத் தாக்கும் நோய். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரிலே, 1901-ஆம் ஆண்டு, ஆகுஸ்தே டேட்டர் என்னும் 51 வயதுப் பெண் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். அவள் புருஷனால் அவளை வீட்டில் வைத்துக் காக்கக் கூடவில்லை. அங்கே அவளைக் கவனித்த டாக்டர் அலோயிஸ் அல்சைமர், 1906-இல் அவள் இறந்த பின்பு அவள் மூளையைச் சோதித்து, கண்டதை அவ்வாண்டு நவம்பரில் வைத்தியர் சபையில் எடுத்துச் சொன்னார். 1910-இல் அந்த நோய்க்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. மறதி நோய்களில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. இதைக் குணமாக்கும் மருந்து இன்றும் கிடையாது. ஆக, இந்நோயின் சரித்திரமே, ஒரு புருஷன் தன்னால் முடியவில்லை என்று மருத்துவமனைப் படியேறிய நாளில் தொடங்குகிறது. அவனைக் கொடியவன் என்று சொல்ல நமக்கு மனம் வருமா?

இப்படிப்பட்ட நோயாளி இருக்கும் வீட்டை அறியாதவர்கள் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதிருப்பது உத்தமம். பொழுது சாயும்போதெல்லாம் அம்மாவுக்கு ஒரு பதற்றம் பிடித்துக்கொள்ளும். "என் வீட்டுக்குப் போகணும்" என்பாள், நாற்பது வருஷம் குடியிருந்த தன் வீட்டிலேயே நின்றுகொண்டு. இரவு இரண்டு மணிக்குத் தெருக்கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும். அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துபோவாள். தாலிச் சங்கிலியை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டு, மருமகள் திருடினாள் என்று அண்டை வீட்டாரிடம் அழுவாள். நோய் முற்றினால் விழுங்கவும் மறந்துபோகும். ஒரு வாய்க் கஞ்சி ஊட்ட ஒரு நாழிகை ஆகும். இவையெல்லாம் ஒரு வாரத்துக்கு அல்ல, வருஷக் கணக்காக நடக்கும்.

இனி கற்பனைக்கு வருவோம். நம் பாட்டன்மார் படித்த ஞானோபதேசத்தில் நாலாம் கற்பனைக்கு வழங்கிய சொல் "சங்கித்தல்" என்பது. அதன் பொருள் மேன்மையாக எண்ணி மதித்தல். அந்த மதிப்பிலிருந்து அன்பும் கீழ்ப்படிதலும் இக்கட்டில் உதவியும் கிளைக்கின்றன என்று நமக்குப் படிப்பித்தார்கள். எந்தக் கூரையின் கீழே வைத்து உதவவேண்டும் என்று கற்பனை சொல்லவில்லை. சொந்தக் கூரையின் கீழேயே ஒரு தாயை அவமதிக்கலாம். பின்கட்டு அறையில் பூட்டி, தட்டைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டு, "நாங்கள் அம்மாவை வீட்டோடுதான் வைத்திருக்கிறோம்" என்று கலியாண வீடுகளில் சொல்லிக்கொள்ளலாம். வேறொரு கூரையின் கீழே வைத்து உண்மையாகவே சங்கிக்கவும் கூடும். ஆகையால் இல்லத்தில் சேர்ப்பது தன்னிலே பாவமல்ல. பாவம் புகும் வாசல்கள் வேறு.

முதல் வாசல் மகன்மார் கேள்வி கேட்காத காரணம்தான். மூத்தவன் துபாயில் இருக்கிறான், இளையவன் சென்னையில். ஊரில் இருக்கும் ஒரே மகள், அல்லது நடுமகனின் மனைவி, ஐந்து வருஷமாய் ஒரு முழு இரவு உறங்கியதில்லை. இல்லம் என்ற பேச்செடுத்தால், தொலைபேசியில் துபாய்க்காரன் சீறுகிறான்: "என் தாயை அநாதை போல விடுவதா? ஊர் என்ன சொல்லும்?" இவன் எதைக் காக்கிறான்? தாயையா, தன் பெயரையா? அர்ச். மாற்கு சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தில் நமது ஆண்டவர் சிலரைக் கண்டிக்கிறார். தாய் தந்தைக்குச் செலவிடவேண்டியதைத் தேவாலயக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்கள் அவர்கள். நம் காலத்தில் காணிக்கைக்குப் பதிலாகக் குடும்பக் கௌரவம் வந்திருக்கிறது. தன் தாயைச் சங்கிப்பது தன் கடமை. அதை இன்னொருத்தியின் முதுகெலும்பில் ஏற்றிவிட்டு, அவள் முனகினால் அவளையே பழிப்பவன் கற்பனையை மீறுகிறான். பிள்ளைகள் ஐந்து பேரென்றால் கற்பனை ஐந்து பேரையும் கட்டுகிறது. மருமகளுக்கும் ஒரு தாய் உண்டு என்பதும் நினைக்கத் தக்கது.

இரண்டாம் வாசல் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். அம்மா இன்னும் ஓரளவு நடமாடுகிறாள், பேசுகிறாள், ஆனால் வருகிற விருந்தாளி முன்னே ஒரே கதையை நாலு தரம் சொல்லுகிறாள், வெட்கமாயிருக்கிறது, வீட்டை விற்கவேண்டியிருக்கிறது, ஆகையால் இல்லம். இதைச் சட்டம்கூடச் சும்மா விடவில்லை. 2007-இல் இயற்றப்பட்ட பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், முதியவரைக் கைவிடும் நோக்கத்தோடு எங்கேனும் விட்டுவிடுவோருக்கு மூன்று மாதம் வரை சிறைத் தண்டனை வைத்திருக்கிறது. சொத்தைக் குறித்தும் ஒரு சொல். சுயபுத்தி போன தாயின் பெருவிரலைப் பிடித்துப் பத்திரத்தில் ரேகை வைப்பது நாட்டுச் சட்டத்துக்கு முன் செல்லாது. கடவுளுக்கு முன் அது ஏழாம் கற்பனையை மீறிய களவு. அவளுடைய பணம் முதலில் அவளுடைய பராமரிப்புக்கே உரியது.

சிலுவையடியிலே ஆண்டவர் தம் தாயை அர்ச். அருளப்பர் கையில் ஒப்புவித்ததைச் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். அவரே தம் தாயை இன்னொருவரிடம் விடவில்லையா என்பார்கள். விட்டார்; ஆனால் சிலுவையில் தொங்கிக்கொண்டு விட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தம்மால் இனி இயலாத கட்டத்தில், தமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரிடம், நேருக்கு நேர் பேசி ஒப்புவித்தார். ஒப்புவித்தல் வேறு, கைவிடுதல் வேறு. யாரிடம் ஒப்புவிக்கிறோம் என்று ஆராய்வது ஒப்புவித்தலின் பாதிக் கடமை.

ஆகவே இல்லத்தைத் தேடுவோர் கட்டிடத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். வாசலில் மாதா கெபியும், வழுவழுப்பான தளமும், குளிரூட்டிய அலுவலகமும் நல்லதுதான். ஆனால் அம்மா அலுவலகத்தில் குடியிருக்கப்போவதில்லை. நம் பக்கத்தில் பல முதியோர் இல்லங்கள், தம் வேலையைத் தாமே செய்துகொள்ளக்கூடிய முதியோரையே ஏற்கின்றன. மறதி நோய் என்றால் மறுத்துவிடும், அல்லது தெரியாமல் ஏற்றுக்கொண்டு பிறகு திண்டாடும். எனவே நோயை மறைத்து இடம் பிடிக்கவேண்டாம். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர் விழித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். இந்த நோயாளிகளுக்கு இரவே பகல். அலைகிறவர்களை என்ன செய்கிறார்கள்? சுற்றுச்சுவருக்குள் நடந்து திரிய ஒரு முற்றமும் வேப்பமரமும் உண்டா, அல்லது கட்டிலோடு கட்டுகிறார்களா, தூக்க மருந்து கொடுத்துச் சாய்த்துவிடுகிறார்களா? மருந்தை யார் எழுதுகிறார், எத்தனை நாளைக்கு ஒருமுறை வைத்தியர் வருகிறார்? படுத்த படுக்கையானால் கடைசிவரை வைத்துக்கொள்வார்களா, அன்றைக்கே கூட்டிக்கொண்டு போ என்பார்களா?

பேச்சையும் கவனியுங்கள். பின்னால் கற்ற மொழி முதலில் அழிந்து தாய்மொழி மட்டும் மிஞ்சுவது இந்நோயில் உண்டு. அம்மாவின் தமிழ் விளங்காதவர்கள் மட்டும் இருக்கும் பெரிய இல்லத்தைவிட, "ஆத்தா, வாய் திறங்க" என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும் சிறிய இல்லம் மேல். சாப்பாட்டு வேளையில் முன்னறிவிப்பில்லாமல் ஒருநாள் போய் நில்லுங்கள். ஊட்டுகிறவள் நோயாளியின் முகத்தைப் பார்த்து ஊட்டுகிறாளா, சுவரைப் பார்த்து ஊட்டுகிறாளா என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று சொல்லாத இல்லத்தில் எவரையும் விடவேண்டாம் என்பது என் துணிவு. தூரமும் முக்கியம். பேருந்தில் அரை மணியில் போய்வரும் சாதாரண இல்லம், வருஷத்துக்கு ஒருமுறை போகும் சிறந்த இல்லத்தைவிட நல்லது.

கூட்டிப்போகும் நாளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். "வேளாங்கண்ணிக்குப் போகிறோம் அம்மா" என்று ஏமாற்றிக் காரில் ஏற்றிக்கொண்டு போய் இல்லத்தில் இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. இது தகாது. வழிநெடுக ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற தாய்க்கு, மாதாவின் பெயரே கண்ணியாகிவிடுகிறது. விளங்குகிற அளவுக்குச் சொல்லுங்கள்: "உங்களைப் பார்த்துக்கொள்ள இங்கே ஆட்கள் இருக்கிறார்கள், நான் புதன்கிழமை வருகிறேன்." புதன்கிழமை போங்கள். ஆனால் பொய் சொல்லலாகாது என்பதால், உண்மையையெல்லாம் தலையில் கொட்டவேண்டும் என்பதில்லை. இருபது வருஷத்துக்கு முன் இறந்த அப்பாவை எங்கே என்று அம்மா கேட்டால், ஒவ்வொரு தரமும் சாவுச் செய்தி சொன்னால் ஒவ்வொரு தரமும் அவள் புதிதாய் விதவையாகிறாள். "அப்பாவைத் தேடுதா அம்மா? அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள், அதில் பொய்யுமில்லை, கொடுமையுமில்லை.

"நான் போனாலும் அவளுக்குத் தெரியாது, பின் ஏன் போகவேண்டும்?" என்பது அடுத்து வரும் கேள்வி. சீராக் ஆகமத்தின் மூன்றாம் அதிகாரம் தகப்பனின் அறிவு குன்றும் காலத்தையே குறித்துப் பேசுகிறது. அப்போதும் பொறுத்திரு, உன் பலத்தை நினைத்து அவனை இகழாதே என்ற பொருளில் கட்டளையிடுகிறது. தாய் நம்மை அறிந்திருப்பதற்குக் கூலியாகவா அவளைச் சங்கித்தோம்? நாம் மூன்று மாதக் குழந்தையாயிருந்தபோது அவள் பெயர் நமக்குத் தெரியாது. அதற்காக அவள் பால் கொடுக்காமல் இருக்கவில்லை. மேலும், பெயர் மறந்த பின்பும் குரலின் இதமும் கையின் சூடும் உணரப்படுகின்றன என்று இவர்களோடு பழகுகிறவர்கள் சொல்லுகிறார்கள். சிறுவயதில் மனப்பாடமான மங்கள வார்த்தை ஜெபம், மற்றதெல்லாம் போன பின்பும் பலருக்கு நாவில் நிற்கிறது. நீங்கள் பாதி சொல்லி நிறுத்துங்கள். மீதியை அவள் சொன்னாலும் சொல்லுவாள்.

எளிய முதியோரின் சிறிய சகோதரிகள் சபையை உண்டாக்கிய அர்ச். ஜான் ஜுகானை இவ்விடத்தில் நினைக்கிறேன். 1839-இல் பிரான்சு தேசத்தில், பார்வையற்ற ஒரு கிழவியைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து, தம் கட்டிலை அவளுக்குக் கொடுத்தவர் அவர். அச்சபையார் 1882-இல் கல்கத்தாவுக்கும் வந்தார்கள். ஆனால் ஜான் ஜுகானையே சபை மறந்தது. தலைமையிலிருந்து விலக்கப்பட்டு, கடைசி இருபத்தேழு வருஷம் மடத்தில் ஒதுங்கி வாழ்ந்து 1879-இல் இறந்தபோது, கூட இருந்த இளங்கன்னியருள் பலருக்கு ஸ்தாபகி இவர்தான் என்பதே தெரியாது. 2009-இல் பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் அவருக்குப் பீடத்தின் மகிமை கொடுத்தார். மனிதர் நினைவில் இல்லாத அத்தனை வருஷமும் அவர் கடவுளின் நினைவில் இருந்தார். நம் அம்மாவும் அப்படியே இருக்கிறாள்.

அவளுடைய ஆத்துமத்துக்குரியதை மறக்கவேண்டாம். முன்னர் அவஸ்தைப்பூசுதல் என்று வழங்கி இன்று நோயில் பூசுதல் எனப்படும் தேவதிரவிய அநுமானத்தை, சுயபுத்தி உள்ள காலத்தில் மறைமுகமாகவேனும் அதை விரும்பியிருக்கக்கூடியவருக்கு, புத்தி தவறிய பின்பும் கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டத்தின் 1006-ஆம் விதி சொல்லுகிறது. தேவநற்கருணை விழுங்கச் சிரமமானால் சிறு துணிக்கையே போதும். இல்லம் கத்தோலிக்க இல்லமல்லவானாலும் குருவானவர் வருவதற்குத் தடையில்லையா என்று சேர்க்கும்போதே கேட்டுவையுங்கள். ஏற்கெனவே சேர்த்திருப்போர், இல்லத்தின் பெயர், ஊர், அறை எண், பார்க்கும் நேரம் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிப் பங்கு அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போகவும். அந்தச் சீட்டில் அவளுக்குப் பழக்கமான செல்லப்பெயரையும் எழுதுங்கள். ஞானஸ்நானப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சிலர் திரும்பிப் பார்ப்பதில்லை.