வெளியே தெரியாத வலி

நிழல்தாங்கல் ஒன்றில் பணிவிடை செய்துவரும் ஒரு தாயாருக்கு வலது தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போயிற்று. கிள்ளினால் தெரியாது; சேலை உரசினாலோ தீப்பட்டதுபோல் எரியும். வீக்கமில்லை, புண்ணில்லை. ஸ்கேன் எடுத்தும் காரணம் அகப்படவில்லை. இடுப்போரம் தோலுக்குப் போகும் நரம்பு நெருக்கப்பட்டாலும் இப்படி வரும், பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கள் என்றார் டாக்டர். தளர்த்தியும் எரிச்சல் தீரவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "செய்வினைதான், சேவல் அறுத்துக் கழி" என்றாள் ஒருத்தி. பலி வேண்டாமென்று அய்யா விலக்கிய பிறகு அந்தப் பேச்சைத் தள்ளுவது அவருக்குச் சிரமமாக இல்லை. "நல்லாத்தானே நடக்கா, வேலைக்குக் கள்ளம்" என்றாள் இன்னொருத்தி. அதுதான் சுட்டது.

கொல்லம் 1008 மாசியில் வெயிலாள் அம்மை திருச்செந்தூருக்குக் கொண்டுபோனது யாரை? நோயில் கிடந்த தன் மகன் முத்துக்குட்டியை அல்லவா! நோயாளியைப் பாவி என்றும் கள்ளன் என்றும் சொல்லும் நாக்கு அந்தத் தாயின் முன்னால் என்ன சொல்லும்?

தாயார் மருந்தை நிறுத்தவில்லை. திருநாமம் இடுவதையும் நிறுத்தவில்லை. எரிச்சல் குறைந்த நாளும் உண்டு, தூங்காத இரவும் உண்டு. போன முதல் ஞாயிறு உச்சிப் பணிவிடைக்குத் தண்ணீர் சுமந்து வந்தவர் நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்தார். கள்ளம் என்று சொன்ன அதே பெண் எழுந்துவந்து குடத்தை வாங்கிக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

அய்யா உண்டு.