தீர்ப்புக்குப் பின் வரும் காலம்

கோவலன் கள்வனல்லன் என்று பாண்டியன் அவையில் மெய்ப்பிக்கக் கண்ணகிக்கு ஒரு சிலம்பு போதுமானதாயிற்று. மாணிக்கம் தெறித்ததும் அரசன் பிழையுணர்ந்து அவ்விடத்திலேயே உயிர்நீத்தான். உண்மை வெளிப்பட்டதற்கும் அதன் பயன் விளைந்ததற்கும் இடையே ஒரு நாழிகையும் கழியவில்லை. இக்காட்சியை வகுப்பில் விளக்குவோர் அரசனின் நேர்மையைப் போற்றுவர். அந்த விரைவை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

ஈப்போவில் மழலையர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர் எம். இந்திரா காந்தி. 2009இல் அவருடைய கணவர் இசுலாத்தைத் தழுவி, மூன்று பிள்ளைகளையும் தாயின் இசைவின்றி மதம் மாற்றினார். பதினொரு மாதக் கைக்குழந்தையைத் தம்முடன் கொண்டு சென்றார். 2010இல் ஈப்போ உயர் நீதிமன்றம் பிள்ளைகளை வளர்க்கும் உரிமையைத் தாய்க்கு வழங்கிற்று. 2014இல் கணவரைச் சிறைப்படுத்தவும் குழந்தையை மீட்கவும் ஆணை பிறந்தது. சரியா நீதிமன்றத்தின் ஆணை வேறாக உள்ளதெனக் கூறிக் காவல்துறைத் தலைவர் வாளாவிருந்தார். கைது ஆணையை நிறைவேற்றுமாறு கூட்டரசு நீதிமன்றமே 2016இல் அவரைப் பணிக்க நேர்ந்தது. 2018 ஜனவரி 29இல் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அம்மதமாற்றம் செல்லாதென்றனர். அத்தீர்ப்பை எழுதியவர் சைனுன் அலி என்னும் பெண் நீதிபதி. அன்றும் குழந்தை தாயிடம் இல்லை.

இதனைச் சமயப் பூசலாகக் காண்பது எளிது. அவ்வாறு கண்டால் வினா கைநழுவிவிடும். வென்றவளுக்கு நீதி கிட்டிற்றா என்பதே வினா. சட்ட நூல்களின் கணக்கில் இவ்வழக்கு வெற்றி. தீர்ப்புகளை மட்டும் ஆராய்பவரும் அவ்வாறே எழுதி ஏட்டை மூடிவிடுவார். பெண்ணின் பட்டறிவைக் கேட்டெழுதும் ஆய்வு அங்கேதான் தொடங்க வேண்டும். பட்டறிவு என்பது வெறும் உணர்ச்சி, சட்டமோ பொதுமை என மறுப்பாருளர். கைக்குழந்தையாகப் பிரிந்த மகள் தீர்ப்பு நாளில் ஒன்பது அகவையினள். இஃது உணர்ச்சியன்று, கணக்கு.

இவ்வம்மையாரின் பெயரையேனும் நாடறியும். பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்து, பின்னர் நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்த மூதாட்டியரை யார் வினவினர்? 1994இல் குடும்ப வன்முறைச் சட்டம் இயற்றப்பட்டதற்கு முன்னும் பின்னும் அவர்களுள் எத்தனை பேர் காவல் நிலையப் படியேறினர், உடன் சென்றவர் யார், சொன்னதில் எவ்வளவு மலாய்மொழிப் புகாரில் ஏறிற்று, திரும்பி வந்த இரவு எங்கே உறங்கினர் என்பனவெல்லாம் எழுதப்படாமலே கிடக்கின்றன. பல்கலைக்கழகத்தில் ஆய்வுத் தலைப்புத் தேடும் தமிழ் மாணவர், அவர்களின் மொழி அறிந்தவராதலின், முதலில் அங்குச் செல்லலாம்.